லிஃப்டை யார் போடுவது?

போன வருடம் அலுவலகத்தில் ஒரு காலாண்டுக் கூட்டம். எங்கள் அணி மூன்று மாதமாக ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது: சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு சர்வர். நான்கு அணிகள் ஒரே சர்வரில் முட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சின்ன மாற்றத்தைப் போட்டுப் பார்க்க அரை நாள் வரிசையில் நிற்கணும். சர்வருக்குப் பதில் எங்களுக்கு ஒரு ஸ்லைடு கிடைத்தது. பனியில் ஏறக்குறைய படுத்தபடி திரும்பும் ஒரு பெண்ணின் படம். கீழே, ‘இவள் நாட்டில் மலையே இல்லை. ஆனாலும் ஒலிம்பிக் பதக்கம். நீ சொல்லும் சாக்கு என்ன?’ எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்லைடில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். தான்யா போவ்தியாய்னென். 1980இல் பின்லாந்தின் ரோவனியெமியில் பிறந்தவர். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர் அது. 2006 டுரின் ஒலிம்பிக்கில், செஸ்த்ரியேரே சரிவில், ஜயண்ட் ஸ்லாலமில் வெள்ளி வென்றார். முதலில் வந்த அமெரிக்கர் ஜூலியா மன்கூசோவுக்கும் அவருக்கும் இடையே 0.67 விநாடி. ஆல்பைன் பனிச்சறுக்கில் பின்லாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். ஸ்லைடு சொன்னதில் இதுவரை தப்பில்லை.

ஆனால் ஸ்லைடு எதை விட்டுவிட்டது என்று பாருங்கள். ஒலிம்பிக் என்பது ஒரு நாள் கூத்து. உலகக் கோப்பையோ குளிர்காலம் முழுக்க, ஊர் ஊராக நடக்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி உண்டு. பருவ முடிவில் ஒரு பிரிவின் மொத்தப் புள்ளியில் முதலில் நிற்பவருக்குக் கண்ணாடி உருண்டை ஒன்றைக் கோப்பையாகத் தருவார்கள். போவ்தியாய்னென் 2005இல் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் அதை வென்றார். 2009இல் ஜயண்ட் ஸ்லாலமில் மறுபடியும் வென்றார். 2014இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 11 உலகக் கோப்பை வெற்றிகள். அத்தனையும் இந்த இரண்டு பிரிவுகளில் மட்டும்.

இந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அதிசயம் என்றால் எங்கே வேண்டுமானாலும் நடக்கணும் இல்லையா? இது ஏன் குறிப்பாக இரண்டே பிரிவுகளில் நடந்தது?

டவுன்ஹில் என்ற வேகப் பந்தயத்துக்கு நிஜமாகவே மலை வேண்டும். சுவிட்சர்லாந்தின் வெங்கன் தடத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், சுமார் நாலரை கிலோமீட்டர் நீளம். ஸ்லாலம் அப்படியில்லை. நெருக்கமாக நட்ட கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவது. பெண்களுக்கான உலகக் கோப்பை ஸ்லாலமுக்கு விதி கேட்பதே 140இலிருந்து 220 மீட்டர் இறக்கம்தான். உலகக் கோப்பை நடக்கும் பின்லாந்தின் லெவி தடத்தில் 180 மீட்டர். அதாவது ஸ்லாலம் என்ற கணக்குக்கு பின்லாந்திடம் போதுமான மலை இருக்கிறது. ‘மலையே இல்லை’ என்பது ஆல்ப்ஸ் படத்தைப் பார்த்து வளர்ந்தவர் சொல்லும் வாக்கியம்.

அந்த நாட்டின் உச்சியே 1,324 மீட்டர்தான். ஹால்தி என்ற மலையின் பின்லாந்துப் பக்கம். 2017இல் பின்லாந்து சுதந்திரத்துக்கு நூறு வயதாகவிருந்ததை முன்னிட்டு, எல்லைக்கு அந்தப்புறம் இருக்கும், அதைவிட உயரமான ஒரு முகட்டைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடலாம் என்று நார்வேயில் சிலர் கிளம்பினார்கள். நாட்டைக் கூறுபோட அரசியல் சட்டம் இடம்தராது என்று நார்வே அரசு மறுத்துவிட்டது. அழகான கதை. ஆனால் கொடுத்திருந்தாலும் பின்லாந்தின் ஸ்லாலமுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது. அந்தப் பிள்ளைகள் பழகுவது உச்சியில் இல்லை, ஊருக்குப் பக்கத்துக் குன்றில்.

ரோவனியெமியின் குன்று ஓவ்னஸ்வாரா. கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம். நகரத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் வந்துவிடும். டிசம்பரில் அங்கே பகல் என்பது இரண்டு மூன்று மணி நேரச் சமாசாரம். பள்ளி விடும்போது இருட்டு. அதனால் சரிவில் விளக்கு போட்டிருக்கிறார்கள். ஏறுவதற்கு லிஃப்ட் போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு எஞ்சினியர் கணக்கு. எண்கள் என் அனுமானம். சின்னக் குன்றில் இறங்க அரை நிமிடம். லிஃப்டில் ஏறி, வரிசையில் நின்று, மறுபடி தயாராக எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம். பள்ளி முடிந்து இரண்டு மணி நேரம் கிடைத்தால் 24 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 கம்பு என்றால் ஒரே மாலையில் 960 திருப்பம். பெரிய மலையில் ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் ஆனால் அதே நேரத்தில் ஆறு சுற்றுதான். ஆல்ப்ஸிலும் பயிற்சிக்குக் குட்டைச் சரிவுகளும் சின்ன லிஃப்டுகளும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் தேடிப் போய் அமைப்பது இங்கே ஊர்க் குன்றிலேயே அமைந்துவிடுகிறது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். தப்பு செய்வதற்கும் அது தப்பு என்று தெரிவதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதுதான் கற்றலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஐந்து நிமிடத்தில் திருத்திப் பார்க்க முடிகிறவரும் அரை நாள் காத்திருப்பவரும் ஒரே மன உறுதியோடு இருந்தாலும், ஒரே இடத்துக்கு வந்து சேரப்போவதில்லை.

இது ஒருத்தர் கதையும் இல்லை. காலே பலாந்தர், டோர்னியோக்காரர். 1999 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஸ்லாலம் தங்கம், 2003இல் ஸ்லாலம் உருண்டை, மொத்தம் 14 உலகக் கோப்பை வெற்றிகள். அவையும் அதே இரண்டு பிரிவுகளில்தான். பக்கத்து ஸ்வீடனில், தார்னபி என்ற சிற்றூரிலிருந்து வந்த இங்கெமார் ஸ்டென்மார்க் 86 முறை வென்றார். ஒன்றுகூட டவுன்ஹில் இல்லை. ஒரே ஊரில் ஒரே மாதிரி விளைச்சல் திரும்பத் திரும்ப வந்தால் அதை அதிசயம் என்று சொல்லமாட்டோம், மண்வாகு என்போம்.

‘அதே தார்னபியின் அன்யா பேர்சன் டவுன்ஹில்லில் உலகச் சாம்பியன் ஆனாரே’ என்று கேட்கலாம். ஆனார். மண்வாகு தலைவிதி இல்லை. ‘லிண்ட்சே வான் மினசோட்டாவின் பக் ஹில்லில் பழகியவர்தானே, அது நூறு மீட்டர்கூட இல்லையே’ என்றும் கேட்கலாம். அந்தக் கதையை ஊக்கப் பேச்சாளர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதி இது: வான் வளரும்போதே அவர் குடும்பம் கொலராடோவின் வேய்ல் மலைக்கு வீடு மாற்றிப் போனது. மலை வேண்டும் என்றபோது மலைக்குப் போனார்கள். போக முடிந்தது, போனார்கள். முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

போவ்தியாய்னெனின் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறேனா? இல்லை. அதே விளக்கின் கீழ், அதே லிஃப்டில் எத்தனையோ பிள்ளைகள் ஏறியிருப்பார்கள். உலகத்தின் உச்சிக்குப் போனது அவர். ஆனால் அவர் உழைப்பை மதிப்பது என்றால் அது எதன்மேல் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான். அவரை வானத்திலிருந்து விழுந்தவராக்கும்போது, அந்தக் குன்றில் விளக்குப் போட்டவர், லிஃப்டை ஓட்டியவர், குளிரில் கம்பு நட்டவர் எல்லோரையும் ஒரே வரியில் அழித்துவிடுகிறோம். அழித்த பிறகு மிஞ்சுவது ‘மன உறுதி’. அது மட்டும் நிறுவனத்துக்குச் செலவே வைக்காத பொருள்.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ‘நீ சொல்லும் சாக்கு என்ன?’ என்று கேட்பவர் யார் என்று கவனியுங்கள். லிஃப்ட் போட்டுத்தர வேண்டிய ஆள்தான் கேட்கிறார். சர்வர் கேட்டவனிடம் பனிச்சறுக்குப் படத்தைக் காட்டுகிறார். ‘நாங்கள் தரவில்லை’ என்ற வாக்கியம் எந்த நொடியில் ‘நீ போதவில்லை’ என்று மாறியது என்றே தெரியாதபடி மாறிவிடுகிறது. நாமும் வீட்டுக்குப் போய் அன்று இரவு நம்மையே திட்டிக்கொள்கிறோம். நான் திட்டிக்கொண்டேன். ஒரு வாரம், நள்ளிரவில் சர்வர் காலியாக இருக்கும்போது எழுந்து வேலை செய்தேன். அதற்கும் பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அந்தப் பாராட்டுதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது.

சர்வர் இன்னும் வரவில்லை. அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் பேச எனக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஸ்லைடுதான். வீராங்கனை இல்லை, பதக்கம் இல்லை. ராத்திரி நேரம், விளக்கு எரியும் ஒரு குட்டைக் குன்று, அதில் மேலே போய்க்கொண்டிருக்கும் லிஃப்ட். கீழே எழுத்து எதுவும் போடவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.