காத்திருப்பதெல்லாம் பொறுமையா?



'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது பழமொழி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் கார் தயாரிப்பு தொடங்கியது. "அப்பவே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்தா எங்கேயோ போயிருப்போம்" என்று பெருமூச்சு விடாத வீடு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உண்டா?

இந்த ஏக்கத்தைத்தான் இன்று கிரிப்டோ காயின் ஆட்கள் நம்மிடமே விற்கிறார்கள். "புது காயின், இப்பதான் ஆரம்பம். வாங்கி வச்சிட்டு மறந்துடு!" ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அண்ணன்கள் சிலர் போனில் பார்ப்பது கிரிக்கெட் ஸ்கோர் இல்லை, காயின் விலை!

காத்திருந்து ஜெயித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர் இருந்த பிட்காயின், ஒரே வருடத்தில் 16,000-க்கும் கீழே போனது. பிறகு 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

ஆனால் லூனா என்ற காயினைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் 100 டாலருக்கு மேல். மே மாத நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே! அதை வைத்திருந்தவர்களும் "திரும்ப ஏறும்" என்றுதான் காத்திருந்தார்கள். இரண்டு பேர் மனசும் ஒன்றுதான், முடிவுதான் வேறு. அப்படியானால் நம் பொறுமையை வைத்துக் காயின் நல்லதா, கெட்டதா என்று சொல்ல முடியாது.

பின் ஏன் விற்க மனசு வருவதில்லை? கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979-லேயே எழுதினார்கள்: 1,000 ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, 1,000 ரூபாய் தொலைக்கும் வலி பெரிது. விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும். விற்காதவரை "இன்னும் நஷ்டம் இல்லை" என்று மனசை ஏமாற்றலாம். அதற்குப் பெயர் பொறுமை இல்லை, பயம்!

நிலமும் காயினும் ஒன்று என்பதும் தப்பு. நோக்கியா ஆலை 2014-ல் மூடியது. எத்தனை குடும்பம் தவித்தது! ஆனாலும் இடமும் கட்டடமும் நின்றன. பிறகு சால்காம்ப் கம்பெனி அங்கே வந்தது. லூனா விழுந்தபோது கையில் என்ன நின்றது?

இன்னொன்று. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய நிறுவனத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. பொறுமையாக வைத்திருந்தவர்களாலும் பணத்தை எடுக்க முடியவில்லை. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

என் கருத்து இதுதான். காயின் வைத்திருப்பவர் தினமும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இன்னிக்குக் கையில புதுசா பணம் இருந்தா, இதே விலைக்கு இதை வாங்குவேனா?" 'ஆமாம்' என்றால் வைத்திருக்கட்டும். 'இல்லை' என்றால் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

நண்பர்களே, நாளை நாமும் கம்பெனி வேலைக்குப் போவோம். கான்ட்ராக்ட் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் தங்கச்சியின் காலேஜ் பீஸாக இருக்கலாம். பீஸ் கட்டும் தேதி காயின் ஏறும்வரை காத்திருக்காது. சிந்திப்போம்!

– 11-ஆம் வகுப்பு மாணவன், வணிகவியல் பிரிவு