ஒரே நிலா, இரண்டு திருவிழா!

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோவில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, கடற்கரை ஓரத்தில், சாந்தோம் தேவாலயம் இருக்கிறது. கோவிலின் பங்குனித் திருவிழாவும், தேவாலயத்தின் ஈஸ்டரும் பல ஆண்டுகளில் அடுத்தடுத்து வருகின்றன. 2023-ம் ஆண்டில் ஏப்ரல் 5-ந் தேதி பங்குனி உத்திரம். 7-ந் தேதி புனித வெள்ளி. 9-ந் தேதி ஈஸ்டர்!

காரணம் என்ன? இரண்டுக்கும் நாள் குறிப்பது நிலாதான். பங்குனி உத்திரம் பவுர்ணமியை ஒட்டி வரும். மார்ச் 21-ந் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பவுர்ணமியை அடுத்த ஞாயிறு, ஈஸ்டர்.

ஐரோப்பாவில்

ஈஸ்டருக்கு முன் 40 நாள் தவக்காலம். முற்காலத்தில் ஐரோப்பாவில் அந்த நாட்களில் இறைச்சி மட்டும் அல்ல, முட்டையும் கூடாது. கோழி சும்மா இருக்குமா? முட்டை குவிந்துவிடும். ஈஸ்டர் அன்று அதுவே விருந்து ஆயிற்று!

கிரீஸ் நாட்டில் முட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசுவார்கள். இத்தாலியில் புறா வடிவில் இனிப்பு ரொட்டி செய்வார்கள். போலந்தில், முதல் நாளே முட்டை, ரொட்டி, உப்பு ஆகியவற்றைக் கூடையில் வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். பாதிரியார் மந்திரிப்பார். மறுநாள் அந்த முட்டையைத் துண்டு போட்டு, குடும்பத்தார் எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள்.

அங்கே பல நாடுகளில் மறுநாள் திங்கட்கிழமையும் விடுமுறை. ஊருக்குப் போகிறவர்களால் ரெயில்கள் நிரம்பி வழியும்.

சென்னையில்

இங்கே திங்கட்கிழமை விடுமுறை இல்லை. தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் வியாழன் இரவு புறப்படுகிறவர்கள், ஞாயிறு இரவே திரும்ப வேண்டும். ஊருக்குப் போகவே முடியாதவர்களும் உண்டு. ஆஸ்பத்திரி நர்சு, காவலாளி, ஓட்டல் தொழிலாளி ஆகியோருக்குப் பண்டிகை நாளும் வேலை நாளே!

அறுபத்து மூவர் விழா அன்று மாட வீதிகளில் மோரும் பானகமும் உணவும் கொடுக்கிறார்கள். "நீ எந்த மதம்?" என்று யாரும் கேட்பது இல்லை. புனித வெள்ளி அன்று பல தேவாலயங்களில் கஞ்சி வார்க்கிறார்கள். அங்கும் அப்படியே.

வீதியில் இருக்கும் இந்த நல்ல வழக்கம், வீட்டு வாசலிலும் இருக்க வேண்டும். தியாகராயநகரிலும் அடையாறிலும் அடுக்கு மாடி வீடுகள் பெருகிவிட்டன. எதிர்க் கதவில் இருப்பவர் யார் என்றே பலருக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தட்டுங்கள். ஈஸ்டர் ஆனாலும், பங்குனி உத்திரம் ஆனாலும், ஒரு தட்டு பலகாரம் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். வாசலில் நிற்கும் காவலாளிக்கும் ஒரு தட்டு போகட்டும்.

தனியாக உண்டால் அது சாப்பாடு. பகிர்ந்து உண்டால்தான் விருந்து!