ஆஸ்திரியாக்காரன் தோட்டாவும் ஆலத்தியூர்ப் பன்றியும்

ஆலத்தியூர்ப் பக்கம் மக்காச்சோளக் கொல்லையில் பன்றி இறங்கினால் "சுட விடு" என்கிறார்கள். சரி, எதை வைத்து? லைசென்ஸ்காரர்களுக்குப் பழகிய ரைஃபிள் இஷாப்பூர் .315. அதன் தோட்டா ஆஸ்திரிய ராணுவத்தின் 8×50 மான்லிக்கர், 1888-ல் பிறந்தது! ராணுவத்தின் .303-ஐப் பொதுமக்களுக்குத் தர வெள்ளைக்காரன் மறுத்ததால் இங்கே ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரிய சிப்பாய்க்குப் போட்ட அதே 244 கிரெய்ன் (கிட்டத்தட்ட 16 கிராம்) எடையைத்தான் கிர்க்கி ஆலை இன்னமும் போடுகிறது.

அதே காலத்து 7×57 மவுசர் 173 கிரெய்னில் பிறந்தது. லண்டன் ரிக்பி கம்பெனி அதற்கு 140 கிரெய்ன் குண்டு போட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 அதுதான்.

ஆலத்தியூர் சமதரை. குறி தப்பினால் அடுத்த கொல்லையில் களையெடுப்பவர் கதி? இலேசான மென்முனைக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும், மண்ணில் பட்டால் சிதறும் வாய்ப்பும் அதிகம். (அதுவும் ஆளைக் கொல்லும், மறுக்கவில்லை.)

வீட்டிலேயே அடைத்துக்கொள்ளலாமே என்பது வெட்டிப்பேச்சு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மருந்து அளவு தப்பினால் போவது சுடுபவன் கண். ஆலைதான் செய்ய வேண்டும். 2021-ல் ஆயுத ஆலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தாயிற்று. கம்பெனி என்றால் இரண்டாவதாக ஒரு எடை போட்டு விற்க என்ன தடை?