எம்பாப்பேவுக்கு எதிரே 'ஹை லைன்'... துணிச்சலா, முட்டாள்தனமா? எல் கிளாசிகோ சண்டையில் ரசிகர்கள் தவறவிடும் இடம்

எல் கிளாசிகோ தேதி நெருங்கினால் போதும், பார்சிலோனா ரசிகர்களும் ரியல் மாட்ரிட் ரசிகர்களும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். உலகின் மிக வேகமான ஃபார்வர்டுகளில் ஒருவரான எம்பாப்பே எதிரே நிற்கிறார். அவருக்கு முன்னால் போய் டிஃபெண்டர்களை நடுக்கோடு வரைக்கும் ஏற்றி நிறுத்துவது புத்திசாலித்தனமா?

2024 கோடையில் ஹான்ஸி ஃபிளிக் பார்சிலோனாவின் பயிற்சியாளராக வந்ததிலிருந்து இந்த வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. ஒரு காலத்தில் கிளாசிகோ என்றால் 'மெஸ்ஸியா, ரொனால்டோவா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது ஆஃப்சைடு கோடு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்பது வரை போகிறது. ரசிகர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படலாம். ஆனால் வாக்குவாதம் பெரும்பாலும் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறது.

அந்த 12 கொடிகள்

2024 அக்டோபர் 26, மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானம். இந்திய நேரம் நள்ளிரவு 12.30. நான்கு நாட்களுக்கு முன்புதான் ரியல் மாட்ரிட், டோர்ட்மண்டிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்து 5-2 என்று ஜெயித்திருந்தது, வினிசியஸ் ஹாட்ரிக். மறுநாள் பார்சிலோனா, பயர்னை 4-1 என்று வீழ்த்தியது. அதில் ரஃபீனியா ஹாட்ரிக். லா லிகாவில் மாட்ரிட் 42 ஆட்டங்களாகத் தோற்கவே இல்லை. இன்னும் ஒன்று தாண்டினால் 43 ஆட்டம் என்ற பார்சிலோனாவின் சாதனை சமன்.

மாட்ரிட் ரசிகர்களின் கணக்கு எளிமையானது. வினிசியஸ் ஒரு பக்கம், எம்பாப்பே ஒரு பக்கம், பின்னால் 40 மீட்டர் காலி இடம். அப்புறம் என்ன வேண்டும்? பார்சிலோனா ரசிகர்களிலேயே பாதிப்பேருக்கு வயிற்றில் புளி கரைத்தது. 'இந்த ஒரு ஆட்டத்துக்காவது பத்து மீட்டர் இறங்கி ஆடலாமே' என்பது அவர்கள் வாதம். சென்டர் பேக்காக நிற்கப்போகிற பாவ் குபார்சிக்கு அப்போது வயது 17. பக்கத்தில் நிற்கும் இனிகோ மார்டினெஸுக்கு 33. ஒருவருக்கு அனுபவம் குறைவு, இன்னொருவருக்கு வேகம் குறைவு. பயப்படக் காரணம் இருந்தது.

ஃபிளிக் ஒரு மீட்டர்கூட இறங்கவில்லை. அன்று மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடில் மாட்டியது. எம்பாப்பே மட்டும் 8 முறை. அவர் வலைக்குள் அனுப்பிய பந்துகளும் கோலாகக் கணக்கில் ஏறவில்லை. முதல் பாதி 0-0. இடைவேளைக்குப் பிறகு 54, 56 நிமிடங்களில் லெவண்டோவ்ஸ்கி, 77-ல் லமின் யமால், 84-ல் ரஃபீனியா. 4-0.

மறுநாள் காலையில் 'பத்து மீட்டர் இறங்கு' கோஷ்டியைத் தேடினாலும் காணோம். ஹை லைன் ஒரே ராத்திரியில் மேதைத்தனம் ஆகிவிட்டது.

ஹை லைன் எப்படி வேலை செய்கிறது?

விதி சுருக்கமாக இதுதான். சக வீரர் பந்தைப் பாஸ் செய்யும் நொடியில், எதிரணியின் பாதியில் இருக்கும் ஃபார்வர்டு, பந்தைவிடவும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைவிடவும் கோலுக்கு அருகில் இருந்துகொண்டு ஆட்டத்தில் கலந்தால் ஆஃப்சைடு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால், நடைமுறையில் கடைசி டிஃபெண்டர்தான் கோடு. அந்தக் கோட்டை டிஃபெண்டர்களே வரைகிறார்கள். அவர்கள் முன்னேறினால் கோடும் முன்னேறும். சமமாக நின்றால் ஆஃப்சைடு கிடையாது.

இதில் ரசிகர்கள் அதிகம் பேசுவது ஓட்டப்பந்தயத்தைப் பற்றி. எம்பாப்பே ஓடினால் யார் பிடிப்பது? நேர்மையான பதில்: யாராலும் முடியாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். அரை வினாடி முந்திக் கிளம்பினால் 5 மீட்டர் இடைவெளி. அதை எந்த டிஃபெண்டரும் எட்டிப் பிடிக்கப்போவதில்லை. அதனால் ஃபிளிக்கின் அணி அந்தப் பந்தயத்தில் ஓடுவதே இல்லை. பந்தயம் ஆரம்பிக்கும் நொடியிலேயே அதைச் செல்லாததாக்கப் பார்க்கிறது.

அதே அரை வினாடி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். பாஸ் கொடுப்பவர் காலைத் தூக்கும்போது நான்கு டிஃபெண்டர்களும் சேர்ந்து இரண்டடி முன்னால் வைத்தால், ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்ட ஃபார்வர்டு வெளியே நிற்பார். நான்கு பேரில் ஒருவர் மட்டும் தூங்கினால் மொத்தமும் போச்சு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆஃப்சைடு பொறி என்பது பழைய வித்தை. அரிகோ சாச்சியின் மிலன் அணி 1989-ல் இதே ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நசுக்கியது டிஃபன்ஸை உயர்த்தி ஆடித்தான். ஆனால் அந்தக் காலத்தில் லைன்ஸ்மேனின் கண் தவறினால் கோல். அந்தப் பயமே பல பயிற்சியாளர்களைப் பின்வாங்க வைத்தது. இப்போது வீடியோ நடுவர் இருக்கிறார். லா லிகாவில் 2024-25 சீசனிலிருந்து பாதி தானியங்கி ஆஃப்சைடு தொழில்நுட்பமும் வந்துவிட்டது. தோள் அளவு முன்னால் இருந்தாலும் சிக்கிவிடும். தொழில்நுட்பம் ஆட்டத்தின் உயிரை எடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஃபிளிக்கின் துணிச்சலில் பாதி அந்த கேமராக்கள் கொடுத்தது.

கொடி தாமதமாக உயர்வதும் ஒரு தண்டனைதான். சந்தேகம் இருந்தால் ஆட்டம் முடிகிற வரை லைன்ஸ்மேன் காத்திருக்கிறார். அதுவரை ஃபார்வர்டு 40 மீட்டர் முழு வேகத்தில் ஓடி, கோலும் அடித்து, கொண்டாடக் கையைத் தூக்கும்போது கொடி. எட்டு முறை இப்படி நடந்தால் கால் மட்டுமா சோர்ந்துபோகும்?

பார்க்க வேண்டியது ஓடுபவரை அல்ல

சரி, அப்படியானால் ஹை லைன் எப்போது உடைகிறது? பாஸ் கொடுப்பவருக்கு நேரம் கிடைக்கும்போது.

மிட்ஃபீல்டில் ஒருவர் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, எம்பாப்பே கிளம்பும் நேரத்தைப் பார்த்து, அதற்கேற்ப பந்தை விட முடிந்தால் உலகின் எந்த டிஃபன்ஸ் கோடும் தாங்காது. அவர் முதுகில் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டிருந்தால் பாஸ் அரை வினாடி முன்பாகவோ பின்பாகவோ போகும். ஹை லைனின் பாதுகாப்பு முழுக்க அந்த அரை வினாடியில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கோட்டைக் காப்பாற்றுவது குபார்சியோ கூண்டேவோ மட்டும் இல்லை. ரஃபீனியா, லெவண்டோவ்ஸ்கி, பெட்ரி என்று முன்னால் நின்று பந்து வைத்திருப்பவரை மூச்சுவிடாமல் துரத்துகிறவர்கள்தான் முதல் டிஃபெண்டர்கள்.

2024 அக்டோபர் கிளாசிகோவை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால் வேறு கதை தெரியும். டோனி குரூஸ் அந்தக் கோடையில்தான் ஓய்வு பெற்றிருந்தார். லூக்கா மோட்ரிச் அன்று பெஞ்சில் ஆரம்பித்தார். தொடக்க அணியில் இருந்த சுவாமெனி, கமவிங்கா, வால்வெர்டே எல்லாம் ஓடுவதிலும் பந்தைப் பறிப்பதிலும் கில்லாடிகள். நெருக்கடியில் நின்று அந்த ஒரு பாஸைச் செதுக்கிக் கொடுப்பவர்கள் அல்ல. ஆட்டத்துக்கு முன்பு மாட்ரிட் ரசிகர்கள் 'யார் ஓடுவார்' என்று விவாதித்தார்கள். 'யார் பாஸ் கொடுப்பார்' என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

'பத்து மீட்டர்தானே, இறங்கினால் என்ன' என்ற வாதத்தின் ஓட்டையும் இங்கேதான். டிஃபெண்டர்கள் பத்து மீட்டர் இறங்கி, ஃபார்வர்டுகள் அதே இடத்தில் நின்று துரத்தினால் நடுவில் பத்து மீட்டர் வெற்றிடம் உருவாகும். அதில் பெல்லிங்ஹாம் போன்ற ஒருவர் சாவகாசமாகத் திரும்பி நிற்பார். மொத்த அணியும் இறங்கினால் பந்தைப் பறிக்கும் இடம் எதிரணி கோலிலிருந்து தூரமாகிவிடும். பிறகு அது ஃபிளிக்கின் பார்சிலோனாவே இல்லை. 2024-25 லீக்கில் அந்த அணி 102 கோல் அடித்ததற்கும் 39 கோல் வாங்கியதற்கும் காரணம் ஒரே ஏற்பாடுதான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட முடியாது.

அப்போ பயந்தவர்கள் முட்டாள்களா?

இல்லை. அவர்கள் கையிலும் ஆதாரம் இருக்கிறது. 2025 ஜனவரி 12, ஜெட்டாவில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம். பார்சிலோனாவின் கார்னர் கிக் முடிந்த வேகத்தில் மாட்ரிட்டின் கவுன்டர் அட்டாக், 5-வது நிமிடத்திலேயே எம்பாப்பே கோல். பார்சிலோனா 5-2 என்று ஜெயித்தாலும், தனியாக ஓடிவந்த எம்பாப்பேவைத் தடுக்கப்போய் கோல்கீப்பர் ஷெஸ்னி சிவப்பு அட்டை வாங்கினார். மே 11-ல் லீக் ஆட்டம். 14 நிமிடத்துக்குள் எம்பாப்பே இரண்டு கோல், பிறகு ஹாட்ரிக். பார்சிலோனா 4-3 என்று தப்பித்தது. அந்த சீசனின் நான்கு கிளாசிகோவிலும் பார்சிலோனாவுக்கே வெற்றி. மொத்தம் 16 கோல் அடித்து 7 வாங்கியது. வெற்றி வெற்றிதான். ஆனால் அந்த 7 கோலைப் பார்த்தபடி நள்ளிரவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியதும் நிஜம்.

இதற்கு நடுவில் விலை கொடுத்த இடம் மிலன். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டரோடு முதல் ஆட்டம் 3-3. மே 6-ம் தேதி இரண்டாவது ஆட்டத்தில் 3-2 என்று முன்னணி, ஆட்டம் முடிய நொடிகள் பாக்கி. 93-வது நிமிடத்தில் அச்செர்பி சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ஃபிராட்டெசி முடித்துவைத்தார். மொத்தம் 7-6. 'ஹை லைன் கோப்பையைக் காவு வாங்கிவிட்டது' என்று பார்சிலோனா ரசிகர்களே தீர்ப்பு எழுதினார்கள்.

அந்த 7 கோலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் தீர்ப்பு ஆட்டம் காண்கிறது. முதல் ஆட்டத்தில் டம்ஃபிரீஸ் அடித்த இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. இரண்டாவது ஆட்டத்தில் ஒன்று பெனால்டி. அச்செர்பியின் கோல், பாக்ஸுக்குள் வந்த கிராஸ். நடுவில் பந்தை இழந்து, உயர்ந்து நின்ற கோட்டுக்குப் பின்னால் ஓடவிட்டு வாங்கியது என்று தெளிவாகச் சொல்லக்கூடியது லவுட்டாரோ மார்டினெஸின் கோல். பார்சிலோனா தோற்றது பாக்ஸுக்குள் நின்று தற்காக்கத் தெரியாததால். டிஃபெண்டர்களை இன்னும் கீழே இறக்கியிருந்தால் அந்த பலவீனம்தான் இன்னும் அதிகமாக வெளியே வந்திருக்கும். ஆனால் தோல்விக்கு ஒரு பெயர் வைத்தால்தானே பேச வசதியாக இருக்கும்!

ஒரே தேதி, ஒரே மைதானம், வேறு முடிவு

சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 அக்டோபர் 26. மறுபடியும் பெர்னபேயு. இந்த முறை மாட்ரிட் 2-1. ஹை லைன் செத்துவிட்டது என்று இரங்கல் குறிப்புகள் குவிந்தன.

உண்மையில் என்ன மாறியிருந்தது? கோட்டை ஒழுங்குபடுத்திய இனிகோ மார்டினெஸ் அந்த ஆகஸ்டிலேயே சவுதியின் அல் நாசருக்குப் போய்விட்டார். அது பெரிய இழப்பு. அதைவிடப் பெரியது, முன்னால் நின்று துரத்தும் ரஃபீனியா காயம். லெவண்டோவ்ஸ்கியும் காயம். முந்தைய ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய ஃபிளிக் பெஞ்சிலேயே இல்லை. மாட்ரிட் பக்கம் ஸாபி அலோன்சோ புதிய பயிற்சியாளர். நடுவில் பாஸ் போடத் தெரிந்த அர்தா குலெர் தொடக்க அணியில்.

கோடு அன்றும் மேலேதான் இருந்தது. எம்பாப்பேவின் ஒரு கோல் ஆஃப்சைடில் போகவும் செய்தது. ஆனால் 22-வது நிமிடத்தில் பெல்லிங்ஹாம் நடுக்களத்தில் பந்தோடு நின்றார், தலையைத் தூக்கினார், யாரும் நெருங்கவில்லை. பந்து சரியான நொடியில் போனது. எம்பாப்பே முடித்துவிட்டார். அதே ஆட்டத்தில் 38-வது நிமிடத்தில் பெட்ரி நெருக்கியபோது குலெர் பந்தை இழந்தார். ராஷ்ஃபோர்ட் கொடுக்க ஃபெர்மின் லோபஸ் சமன் செய்தார். பார்சிலோனா வாங்கிய முதல் கோலும் அடித்த ஒரே கோலும் ஒரே விஷயத்தைச் சார்ந்திருந்தன: பந்து வைத்திருந்தவர் மேல் ஆள் இருந்தாரா, இல்லையா. இடைவேளைக்கு முன்பு பெல்லிங்ஹாம் அடித்த வெற்றி கோல் கோலுக்கு மிக அருகில், பாக்ஸுக்குள் வந்தது. மிலனில் தெரிந்த அதே நோய்.

கிளாசிகோ தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பு பிளேயிங் லெவன் வெளியாகும். எல்லோரும் முதலில் சென்டர் பேக் யார் என்று தேடுவார்கள். பார்சிலோனா பட்டியலில் முதலில் தேட வேண்டியது முன்வரிசையில் ரஃபீனியா இருக்கிறாரா என்பதை. மாட்ரிட் பட்டியலில் எம்பாப்பே எப்படியும் இருப்பார். அவருக்குப் பின்னால் அந்த பாஸைக் கொடுக்கப்போவது யார் என்பதைத் தேடலாம். ஆட்டம் ஆரம்பித்த பிறகு, முதல் 15 நிமிடம் எம்பாப்பேவை விட்டுவிட்டு மாட்ரிட் மிட்ஃபீல்டில் பந்து வாங்குபவரை மட்டும் கவனித்தால், அன்று கொடி எத்தனை முறை உயரும் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.