கொடுப்பது மட்டுமா தொண்டு?

தொண்டு என்றால் கொடுப்பது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இவ்வாண்டு மும்முறை கல்வராயன் மலைக்குச் சென்று வந்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டது.

முதல்முறை, துணிமூட்டைகளோடு கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்தில் வெள்ளிமலை சென்றோம். அருகிலுள்ள சிற்றூரில் ஒரு பாட்டி எங்களுக்குச் சாமைச் சோறு பரிமாற வந்தார். "வேண்டாம் பாட்டி, கட்டுச்சோறு இருக்கிறது" என்றோம். "எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களா, தாயி?" என்று கேட்டார். தலைகுனிந்தோம்.

இயேசு தம் சீடர்களைப் பணப்பையின்றி அனுப்பினார்; தங்கும் வீட்டில் தருவதை உண்ணச் சொன்னார் என்கிறது லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரம். லிஸ்பன் நகரின் உயர்குடியில் பிறந்து, 1673-இல் இந்தியா வந்த புனித அருளானந்தர் காவியுடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ் பேசி ஊர் ஊராக நடந்தார். 1693-இல் ஓரியூரில் உயிர் துறந்தார். போதிக்க வந்தவர் முதலில் இம்மண்ணிடம் கற்றுக்கொண்டார்.

கொடுத்துக்கொண்டே இருப்பவருக்குத் தற்பெருமை வந்துவிடும். பெற்றுக்கொள்ளத் தாழ்மை வேண்டும். அது இல்லாத தொண்டு வெறும் விநியோகமே என்பது எங்கள் கருத்து.

மறுமுறை அந்தப் பாட்டியின் திண்ணையில் அமர்ந்து உண்டோம். அவர் முகம் மலர்ந்தது.

அடுத்த ஆண்டு மலையேறப் போகும் தங்கையரே! மூட்டையோடு செல்லுங்கள்; பசியோடும் செல்லுங்கள்.