கிணறு நமது, கணக்கு எவரது?

ஏரி வெட்டியவன் தமிழன். அதற்கு மதகு வைத்தவனும் தமிழன். கடைமடைக்கும் நீர் சென்று சேர்கின்றதா என்று பார்ப்பதற்கே நீர்க்கட்டி என ஓர் ஆளை ஊர்ப்பொதுவில் அமர்த்திக்கொண்ட இனம் நம் இனம். அவ்வினத்து உழவன் இன்று பாலாற்றங்கரையில், தன் கிணற்றடியில் நின்றுகொண்டு, தான் இறைப்பது நீரா நஞ்சா என்று அறியாமல் கலங்குகின்றான். இஃது அவன் அறியாமை அன்று; அவனை அறியவிடாமற் செய்துவரும் ஆட்சிகளின் கயமை!

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். அவர்களை ஒட்டியே தோல் பதனிடும் தொழிலகங்களும் நெருங்கி நிற்கின்றன. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு. அதன் செல்வம் மணலுக்கடியில் ஓடும் ஊற்று. நீரோடும் ஆற்றில் விட்ட கழிவையேனும் வெள்ளம் அடித்துச் செல்லும். வறண்ட மணலில் விட்ட கழிவோ கீழே இறங்கிக் கிணற்றைச் சேரும். தோல் அழுகாதிருக்க இட்ட உப்பு, ஊறவைத்த நீரோடு வெளியேறி மண்ணின் கட்டமைப்பைக் குலைக்கின்றது. பதனிடப் பயன்படும் குரோமியம் எனும் மாழை மண்ணிலே தங்குகின்றது. 35,000 எக்டேர் அளவிலான விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் வேளாண் ஆய்வு முடிவை, உச்சமுறைமன்றமே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துரைத்தது.

இதற்கு வழிகோலியவர் எவர்? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட நாடு இது. 1970-களில் தில்லி அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலுக்கும் தோற்பொருளுக்கும் ஊக்கமளித்தது. அயல்நாட்டுப் பணம் தில்லியின் கணக்கிலேறியது. குரோமியம் நம் கிணற்றில் ஏறியது! அதே காலத்தில் இராணிப்பேட்டையில் தொடங்கப்பெற்ற குரோமிய வேதிப்பொருள் தொழிலகம் ஒன்று, 1990-களில் மூடப்பெற்றபொழுது விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை இலக்கம் டன்னுக்குக் குறையாது. அக்கழிவிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் நீரில் எளிதிற் கரைவது, புற்றுநோய் தரவல்லது. ஓர் இலிட்டர் குடிநீரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது என்பது அரசே வகுத்த வரையறை. வகுத்தவர்கள், அது காக்கப்படுகின்றதா என்பதை எவரிடம் சொன்னார்கள்?

அளக்கவே இல்லை என்று நாம் கூறவில்லை. நடுவண் அரசின் நிலத்தடி நீர் வாரியம் அளக்கின்றது. 1982-இல் அமைந்த தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியமும் அளக்கின்றது. ஆனால் அவ்வளவுகள் எம்மொழியில் எழுதப்படுகின்றன? எந்தக் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தன? 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாட்டில், தமிழன் குடிக்கும் நீரின் கணக்கு ஆங்கில அட்டவணைக்குள் உறங்குகின்றது. மொழிச்சிக்கல் வேறு, நீர்ச்சிக்கல் வேறு என்று நமக்கு அறிவுரை கூறுவோர் இதற்கு விடை கூறட்டும்! தன் கிணற்றின் நோயைத் தன் மொழியில் அறியமாட்டாதவன், எவனை எதிர்த்து, எதைக்கொண்டு வழக்காடுவான்?

நிலத்தடி நஞ்சு மெல்ல நகர்வது. இன்று நல்ல நீர் தரும் கிணறு பத்தாண்டு கழித்துக் கெடலாம். ஆகவே ஒருமுறை முகந்து ஆய்ந்த ஒரு குடம் நீர் முழு உண்மையையும் சொல்லிவிடாது. அதே கிணற்றில், மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுதோறும், நாளும் ஆழமும் குறித்து அளந்து வந்தால்தான் நஞ்சு எத்திசையினின்று வருகின்றது, எவன் வாயிலினின்று புறப்பட்டது என்பது புலனாகும். நீரை அளந்து மண்ணை அளவாது விட்டாலோ, மண்ணிற் பதுங்கியது அடுத்த மழையில் இறங்கிவிடும். தொடர்ந்து எழுதிய கணக்கே குற்றவாளியைக் காட்டும் சுட்டுவிரல். அதனாலன்றோ அஃது ஊரார் கைக்கு வருவதில்லை!

கணக்கு ஊரார் கையில் இல்லாமையால் விளைந்தது என்ன? 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி அமைந்த ஆணையம், 2001-இல் ஏறத்தாழ 29,000 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 27 கோடி உரூபா இழப்பீடு என வரையறுத்தது. குடும்பத்திற்கு ஒன்பதாயிரம் உரூபா அளவே! ஒரு கிணறு வெட்டவும் போதாத தொகை. அதன் பின்னும் கேடு நின்றதா? இல்லை. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2025 சனவரியில் அதே உச்சமுறைமன்றம், இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும், உயர்முறைமன்றத்தில் ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

"தொழில் அழிந்தால் தொழிலாளர் வயிறு காயுமே" என்பர் சிலர். தொழிலாளர்க்காகக் கண்ணீர் வடிக்கும் இவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகின்றோம். 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். அளவும் காவலும் இல்லாத தொழில் முதலில் விழுங்குவது தொழிலாளியைத்தான். நாம் கேட்பது தொழிலின் அழிவையன்று, அதன் கணக்கை.

தமிழர்களே! பாலாற்றங்கரை ஊர்கள்தோறும் குறித்த கிணறுகளிலும் குறித்த வயல்களிலும் ஆண்டிற்கு இருமுறை நீரும் மண்ணும் எடுக்கப்பட வேண்டும். ஊரார் முன்னிலையில் எடுக்கப்பட்டு, ஒரு பகுதி ஊரார் கையிலேயே முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும். முடிவுகள், முந்தைய ஆண்டுகளின் அளவுகளோடும் அரசின் வரையறையோடும் சேர்த்து, தூய தமிழில் ஊராட்சி மன்றச் சுவரில் எழுதப்பட வேண்டும். குடிக்கலாமா, பயிருக்குப் பாய்ச்சலாமா என்பது ஐயமின்றிச் சொல்லப்பட வேண்டும். அடுத்த ஊரவைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்; நிறைவேறும்வரை விடாது கேளுங்கள்.

மதகின் திறவுகோலைப் பிறனிடம் கொடாத இனம், கிணற்றின் கணக்கை மட்டும் பிறனிடம் விட்டுவைப்பதா? நீர் நம்முடையது. அதன் கணக்கும் நம் மொழியில், நம் கையில் இருந்தே தீரவேண்டும்!