பழுது பார்த்தலும் ஒரு படிப்பே

ஒருவன் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கிறானோ அதனைக் கொண்டே அவன் குணத்தை அறியலாம் என்பர். தபால் தலை சேர்ப்போரும், பறவைகளைக் கவனித்துக் குறிப்பெழுதுவோரும், விடுமுறை தோறும் மலையேறுவோரும் நம் கலாசாலையில் எக்காலத்தும் உண்டு. அவர்தம் விநோதங்களைப் பற்றி இச்சஞ்சிகையில் கட்டுரைகள் வருவதும் வழக்கமே. ஆயினும் நம் வாலிபரிற் சிலர் மேற்கொண்டிருக்கும் ஒரு புதுவகை விநோதத்தைக் குறித்து இதுகாறும் இங்கு எழுதக் கண்டேனில்லை. அஃது யாதெனில், முப்பது ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்பட்ட வீடியோ கேம் யந்திரங்களைத் தேடிப் பிடித்துப் பழுது நீக்கி, வேண்டுமிடத்துச் சில மாறுதல்களும் செய்து, மறுபடியும் இயங்க வைப்பதாகும். “விளையாட்டுச் சாமானுக்கு வைத்தியமா?” என்று நகைப்போர் பலர். நானும் அவ்வாறு நகைத்தவனே. அந்நகைப்புத் தவறு என்பதையும், இவ்விநோதம் நம் கலாசாலையில் மரியாதைக்குரிய ஓரிடம் பெறத் தக்கது என்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடை விடுமுறையில் இராஜபாளையத்தில் என் தாய்மாமன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவருடைய இளைய மகன் நூற்பாலையொன்றில் பிட்டராக வேலை பார்ப்பவர்; கலாசாலையின் வாயிலை மிதித்தவரல்லர். மாமா தம் மூத்த மகனுக்காக 1997-ஆம் ஆண்டில் வாங்கிய டிவி கேம் ஒன்று பரண்மேற் கிடந்தது. அதனை அவர் ஒருநாள் கீழே இறக்கி, பஞ்சுத் தூசியைத் துடைத்து, டிவியில் மாட்டினார். திரையில் ஒளிப்புள்ளிகளன்றி வேறொன்றும் தோன்றவில்லை. நான் உடனே கேசட்டை உருவி, சிறுவர் எல்லோரும் செய்வது போல் அதன் வாயில் ஊத எத்தனித்தேன். “மாப்பிள்ளை, ஊதாதே! வாயின் ஈரம் பட்டால் செம்பு பச்சை பிடித்துவிடும்” என்று தடுத்தார். பின்பு பஞ்சை ஐ.பி.ஏ. திரவத்தில் நனைத்துக் கேசட்டின் பற்களை மெல்லத் துடைத்தார். அப்பொழுதும் படம் வரவில்லை. பெட்டியைக் கழற்றினார்.

உள்ளே மூன்று கால்களையுடைய 7805 என்னும் சிறு உறுப்பு ஒன்று இருந்தது. அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக்கித் தருவது அதன் வேலை. மல்டி மீட்டரின் முனைகளை அங்குமிங்கும் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், “ஒன்பது வோல்ட் உள்ளே போகிறது, ஐந்து வெளியே வருகிறது. மிச்சம் நான்கு எங்கே போகிறது, மாப்பிள்ளை?” என்று கேட்டார். பௌதிகத்தைப் பிரதான பாடமாகப் பயின்று, மின்சாரப் பரீக்ஷையில் நல்ல மார்க்குகளும் பெற்றிருந்த நான் விழித்தேன். அவர் என் விரலைப் பிடித்து அவ்வுறுப்பின் தகட்டில் வைத்தார். சுரீரென்று சுட்டது. அந்த நான்கு வோல்ட்டுக்கு உரிய சக்தி முழுவதும் உஷ்ணமாய் அங்கே வெளிப்பட்டுக் கொண்டிருந்தது! அவ்வுஷ்ணத்தில் பல காலம் வெந்த பக்கத்துக் கண்டென்சர் தலை உப்பிப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டுப் பத்து ரூபாய்க்கு வாங்கிய வேறொன்றைச் சால்டர் வைத்தார். படம் வந்தது. வீட்டுச் சிறுவர்கள் ஆரவாரித்தனர். நான் மட்டும் வெட்கத்தோடு என் விரலைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

இவ்வித்தையை எங்கே கற்றீர் என்று வினவினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்கு அருகே கடை வைத்திருந்த டிவி மெக்கானிக் ஒருவரிடம் ஞாயிறுதோறும் பேருந்தேறிச் சென்று மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கற்றதாகச் சொன்னார். அப்பெரியவர் இப்பொழுது கடையை மூடிவிட்டார். பழுது பார்க்கப் பெட்டி கொண்டு வருவாரில்லை. அவ்விடத்தில் இன்று கைபேசி உறைகள் விற்பனையாகின்றன. நாற்பது ஆண்டு அனுபவம் ஒருவருடைய கையில் இருக்கிறது; அதனைப் பெற்றுக் கொண்டவர் என் மாமன் மகன் ஒருவரே. இவ்விஷயம் அன்றிலிருந்து என் மனத்தை விட்டு அகலவில்லை.

நிற்க. இவ்யந்திரங்களின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். அப்பெட்டியின் மூதாதை, ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி விற்பனைக்கு விட்ட ‘பேமிலி கம்ப்யூட்டர்’ என்பது. அதனை வகுத்தவர் மசாயுகி உவெமுரா என்னும் பொறியாளர். நம் தேசத்தில் அது ‘சாமுராய்’ என்னும் பெயரில் வந்தது. எனினும் நம் ஊர்களில் மிகுதியாய்ப் பரவியவை அதனைப் பார்த்துச் செய்த மலிவான நகல்களே. தீபாவளிக்கும் பரீக்ஷை முடிவுக்கும் பிள்ளைகள் கேட்டு அழுத பொருள் அதுவாகவே இருந்தது. மூலயந்திரத்தை இயற்றிய கம்பெனியார் 2003-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தியை நிறுத்தினர். உதிரி உறுப்புகள் கிடைக்கவில்லையென்று 2007-ஆம் ஆண்டில் பழுது பார்த்துக் கொடுப்பதையும் நிறுத்தினர். ஈன்றவரே கைவிட்ட பின் அவ்யந்திரங்களை இன்றும் உயிரோடு வைத்திருப்போர் உலகெங்குமுள்ள இவ்விநோதக்காரர்களே அல்லவா?

பழுது பார்ப்பவன் வெறும் கூலிக்காரன், புதிது படைப்பவனே அறிவாளி என்று எண்ணுவோர் உளர். வீடியோ கேமின் சரித்திரமே அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. வீட்டில் வைத்து ஆடும் முதல் வீடியோ கேமாகிய ‘ஒடிஸி’ 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனைக் கண்டுபிடித்த ரால்ப் பேர், ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த குடும்பத்துப் பிள்ளை. அவர் தபால் மூலம் ரேடியோப் பாடம் படித்து, நியூயார்க் நகரத்தில் ரேடியோப் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். கேசட்டை மாற்றி மாற்றி வெவ்வேறு ஆட்டங்களை ஆடும் முறையை 1976-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த குழுவின் தலைவர் ஜெரி லாசன் என்னும் கறுப்பினத்தவர்; அவரும் இளமையில் வீடு வீடாகச் சென்று டிவி பழுது பார்த்தவரே. அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்கள், வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அத்தகைய வண்டியை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடியும் பூட்டிய கதையை அறியாதார் யார்? கழற்றத் துணிந்த கைகளே பின்னர் இயற்றும் கைகளாயின.

இனி, இவ்விநோதத்தின்மீது கூறப்படும் ஆக்ஷேபணைகளை ஆராய்வோம். முதலாவது, விளையாட்டு வாலிபரின் காலத்தை விழுங்கும் என்பது. ஆடுவது விழுங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தைப் பத்து நிமிஷம் ஆடும்பொருட்டுப் பத்து நாள் மின்சுற்றை ஆராய்கின்றவன் காலத்தை வீணாக்கினான் எனல் பொருந்துமோ? இரண்டாவது, புதியது மலிவாகக் கிடைக்கையில் பழையதற்கு ஏன் செலவு என்பது. உலகம் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையை ஈன்றது. அதிற் கணக்கில் வந்து முறையாக மீட்கப்பட்டது நூற்றுக்கு 22 பங்கே. மலிவின் விலையை நாம் குப்பைமேட்டில் கொடுக்கின்றோம். அன்றியும், 2010-ஆம் ஆண்டிற்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ கேம்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆராய்ச்சியொன்று கண்டது. பழைய யந்திரம் மாண்டால் அதனோடு அவ்வாட்டங்களும் மறையும்.

மூன்றாவது ஆக்ஷேபணை சற்றுக் கனமானது. யந்திரத்தில் மாறுதல் செய்வது திருட்டு ஆட்டங்களுக்கு வழி செய்வதாகும் என்பர். இதிற் சிறிது உண்மை உண்டு. பிளேஸ்டேஷன் யந்திரங்களில் வேறொரு சிப்பை ஒட்டித் திருட்டுத் தட்டுகளை ஆடியது நம் ஊர்களில் ஊரறிந்த ரகசியம். பிறர் உரிமையைக் கவரும் எண்ணத்தோடு காப்புப் பூட்டை உடைப்பது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நம் தேசத்திலும் தண்டனைக்குரிய குற்றம். அதனை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் மாறுதல் எல்லாம் அவ்வகையினவல்ல. பழைய ஆன்டெனா வழியன்றிப் புதிய டிவியின் ஏ.வி. வழியே படம் வரச் செய்தலும், ஒளி குன்றிய கையடக்கக் கேமிற்கு ஒளிவிடும் திரை பொருத்துதலும் யாருடைய உரிமையைக் கவர்கின்றன? என் மாமன் மகன் கடைப்பிடிக்கும் விதி நல்ல விதியாகத் தோன்றுகிறது: முதலிற் பழுதை நீக்கு, மாறுதல் செய்தால் மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியதாகச் செய், மூல உறுப்பை எறியாமற் பொட்டலம் கட்டி வை.

அபாயமும் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. பழைய டிவியின் படக்குழாய், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக் கூடும். ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையோடு உண்ணுதல் ஆகாது. ஆழம் தெரியாமற் காலை விடலாகாது. இக்காரணத்தினாலேயே, இவ்வித்தையை அறைக்குள் தனியே இருந்து கற்பதினும், அறிந்தவர் அருகிலிருந்து கற்பது நலம்.

காலமும் அதிகமில்லை. பின்னாளில் வந்த மலிவு நகல்களில் யந்திரத்தின் மூளை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிக் கறுத்த பசைத்துளி ஒன்றால் மூடிவிட்டனர். அது கெட்டால் திறந்து பார்க்க ஒன்றுமில்லை, எறிய வேண்டியதுதான். இன்றைய கருவிகள் பலவும் அவ்வழியே செல்கின்றன. பொருளை வாங்கியவனுக்கு அதனைப் பழுது பார்க்கும் உரிமையும் வேண்டுமென்று ஆராய நம் மத்திய அரசாங்கம் 2022-ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. உரிமை கிடைப்பது நன்றே. ஆனால் திறக்கத் தெரிந்த கை இல்லாவிடில் அவ்வுரிமையினால் ஆகும் பயன் யாது?

நம்மைச் சுற்றியுள்ள ஊர்கள் இவ்வுண்மையை அறியாதவையல்ல. இராஜபாளையத்து ஆலையில் ஒரு கதிர் கெட்டால் யந்திரம் முழுவதையும் எறிவாரில்லை. சத்திரப்பட்டியில் காயக்கட்டுத் துணி நெய்யும் விசைத்தறி நின்றுபோனால் தறியை விற்பாரில்லை, மேஸ்திரியை அழைக்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் கட்டை ஒன்று உளுத்தால் தேரையே விறகாக்குவாருமில்லை. பழுது பார்த்தே வாழ்ந்த ஊர்களின் பிள்ளைகளாகிய நாம், ஒரு திருகாணியைக் கழற்றாமலே பௌதிகத்திற் பட்டம் பெற்றுச் செல்வது நகைப்புக்கு இடமன்றோ?

ஆதலின் கலாசாலை அதிகாரிகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் என் விண்ணப்பம் இதுவே. பௌதிகச் சோதனைச்சாலையில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு மேஜையும், ஒரு சால்டரிங் அயனும், ஒரு மல்டி மீட்டரும் அளிக்க வேண்டும். பழைய மாணவர்கள் தம் வீட்டுப் பரண்களிற் கிடக்கும் கேம் பெட்டிகளை அம்மேஜைக்கு அனுப்பி உதவ வேண்டும். கடையை மூடிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவரைத் தக்க சன்மானத்துடன் வாரந்தோறும் அழைத்து, அவர் கையிலுள்ளதை நம் கைகளுக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். செலவு அற்பம், காலந் தாழ்த்தினால் நேரும் நஷ்டமோ ஈடு செய்ய முடியாதது.

அந்த நான்கு வோல்ட் எங்கே போயிற்று என்பதை நான் இனி மறவேன். அவ்விடையை எந்த நூலிலும் படித்திருக்கலாம், படித்தும் இருந்தேன். விரலைச் சுட்ட பிறகே அஃது என்னுடைய அறிவாயிற்று.